ஐரோப்பியக் காருக்கு எந்த எஞ்சின் ஒயில்?

களுவாஞ்சிக்குடியில் பென்ஸ், பி.எம்.டபிள்யூ, வொக்ஸ்வாகன் வைத்திருப்போர் கவனத்திற்கு:

• கானில் உள்ள ‘5டபிள்யூ-30’ ஒயிலின் தடிப்பை மட்டுமே சொல்லும்: முன் எண் குளிரில், பின் எண் சூட்டில். அதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

• கார்க் கையேடு கேட்கும் அங்கீகார எண்ணே முக்கியம். பென்ஸ் 229.51, வொக்ஸ்வாகன் 504.00/507.00, பி.எம்.டபிள்யூ லோங்லைஃப்-04 என்பன உதாரணங்கள். அதே எண் கானின் பின்பக்கத்திலும் இருக்க வேண்டும்.

• ‘அப்ரூவல்’ என்றால் கார்க் கம்பனியே ஒப்புக்கொண்டது. ‘ஏற்றது’ என்பது ஒயில் கம்பனியின் சொல் மட்டுமே.

• புகை வடிகட்டி பொருத்திய டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஒயில் அவசியம். தவறினால் வடிகட்டி அடைபடும்.

• ஜப்பான் காருக்கு வாங்கிய 0டபிள்யூ-20 மிச்சம் இருந்தாலும், கையேடு சொல்லாமல் ஊற்றாதீர்கள்.

• சந்தைக்கும் பள்ளிக்கும் என்று கிட்டிய ஓட்டமே அதிகமென்றால், ஒயிலைச் சற்று முன்னதாகவே மாற்றுங்கள்.