காரின் தோல் இருக்கைகளைப் பேணுவது எப்படி?

கான்பூரில் நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் இப்போது தோல் இருக்கை போட்ட கார் வந்துவிட்டது. நான் ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்புப் பிரிவில் ரெக்ஸின் இருக்கைகளோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவன் என்பதால், "சார், இதை எதை வைத்துத் துடைப்பது?" என்று என்னிடம் கேட்கிறார்கள். பாதிப் பேர் தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டுத்தான் கேட்கவே வருகிறார்கள். ஆகவே கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

விற்பவர் தோல் என்று சொன்னதெல்லாம் தோல் அல்ல. பல கார்களில் உடம்பு படும் நடுப்பகுதி மட்டும் தோலாக இருக்கும். பக்கங்களும் முதுகுப்புறமும் ரெக்ஸினுக்கு உறவான செயற்கைத் தோல். சிலவற்றில் முழுவதுமே செயற்கை. இருக்கையின் அடியில் மடித்துத் தைத்த ஓரம் கண்ணுக்குத் தெரிந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். நார் நாராக, வெல்வெட் போல இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் செயற்கை.

அசல் தோலாகவே இருந்தாலும் நம் கை தொடுவது பெரும்பாலும் தோலை அல்ல. பதனிட்ட தோலின் மேல் நிறம் பூசி, அதன் மேல் பாலியூரித்தேன் என்ற மெல்லிய படலத்தை ஏற்றியிருப்பார்கள். அந்தப் படலத்தைத்தான் நாம் துடைக்கிறோம், அதைத்தான் காப்பாற்றவும் வேண்டும். எண்ணெய் அதைத் தாண்டி உள்ளே இறங்காது. மேலேயே பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். "தோலுக்கு எண்ணெய் ஊட்ட வேண்டாமா?" என்பவர்கள் செருப்பை நினைத்துக் கேட்கிறார்கள். ஷூ பாலிஷும் வேண்டாம், வேட்டியில் ஒட்டிக்கொள்ளும். மறைவான ஓர் இடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் படலம் உண்டு. உறிஞ்சிக் கறுத்தால் அது மேற்பூச்சில்லாத தோல். அதற்கென்றே விற்கும் பொருள்களைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

இருக்கைக்கு முதல் எதிரி தூசி. கோடைக் காற்றில் நம் ஊரில் வரும் தூசியில் மணல் கலந்திருக்கும். அதன் மேல் உட்கார்ந்து அசைந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான். வாரம் ஒரு முறை வாக்குவம் கிளீனரில் மென்மையான பிரஷ் முனையை மாட்டி, தையல் இடுக்குகளிலும் உறிஞ்சி எடுங்கள். இதை ஒழுங்காகச் செய்தாலே ஈரத் துடைப்பு மாதம் ஒரு தடவை போதும்.

ஈரத் துடைப்புக்குத் துணி துவைக்கும் சோப்பும் சலவை சோடாவும் கூடாது. தோல் சற்று அமிலத் தன்மை உள்ளது, இவையோ காரம். தோலுக்கென்றே விற்கும் திரவம் உத்தமம். கிடைக்காவிட்டால் ஒரு மக் வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு சில சொட்டு. நுரையைத் துணியில் எடுங்கள், இருக்கையின் மேல் ஊற்றாதீர்கள். உள்ளே ஸ்பாஞ்ச் இருக்கிறது, பல கார்களில் மின் கம்பிகளும் இருக்கின்றன. காற்றுக்காகத் துளையிட்ட இருக்கை என்றால் இரட்டைக் கவனம். ஒரு கையகலப் பகுதியாகத் துடைத்து, பிழிந்த ஈரத் துணியால் நுரையை எடுத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். பிறகு நிழலில் கதவுகளைத் திறந்து வைத்தால் தானே உலரும்.

எங்கள் குடியிருப்பில் ஒருவர் பேனா மைக் கறையைத் தின்னர் வைத்துத் துடைத்தார். மை போயிற்று, கூடவே நிறமும் போய் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துவிட்டது. பெட்ரோல், மண்ணெண்ணெய், நகப்பூச்சு நீக்கி எல்லாமே இந்த வேலையைத்தான் செய்யும். நெய், குழம்பு சிந்தினால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பால், காபி என்றால் அப்போதே துடைக்க வேண்டும். தையலுக்குள் இறங்கிவிட்டால் நாற்றம் எளிதில் போகாது.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்று தலை எண்ணெய். தலை சாயும் இடம் கறுப்பாகி வழவழப்பதற்கு அதுதான் காரணம். அங்கே ஒரு பருத்தித் துண்டைப் போட்டுவிட்டு வாரா வாரம் துவையுங்கள். ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமத்தை ஸ்டீயரிங்கோடு நிறுத்திக்கொள்ளலாம். வெளிர்நிற இருக்கையில் மஞ்சள் பட்டால் எடுப்பது கடினம்.

சுத்தம் செய்தபின், நீரை அடிப்படையாகக் கொண்ட தோல் காப்புப் பூச்சு ஒன்றை மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மெல்லியதாகப் பூசலாம். பளபளக்க வேண்டும் என்று கேட்டு வாங்காதீர்கள். பளபளப்பது வழுக்கும். மே, ஜூன் வெயிலில் நிறுத்தினால் முன் கண்ணாடிக்கு மடிப்புத் தட்டி வைப்பது எந்தப் பூச்சையும்விட அதிகப் பலன் தரும். புதுக் கார் இருக்கையின் பிளாஸ்டிக் உறையை மாதக்கணக்கில் கழற்றாமல் வைத்திருப்பவர்கள், மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதையும் நினைக்க வேண்டும்.

இருக்கையைக் காப்பாற்றுவதாக எண்ணி மேலே இறுக்கமான உறை தைத்துப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பல கார்களில் முன் இருக்கையின் வெளிப்பக்கத்திலேயே ஏர்பேக் இருக்கிறது. விபத்தில் அது தையலைப் பிளந்துகொண்டு வர வேண்டும். கண்ட உறை அதைத் தடுத்துவிடும். இருக்கையின் பக்கத்தில் 'ஏர்பேக்' என்ற சிறு பட்டை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த இடத்தை மூடும் உறையைக் கழற்றிவிடுங்கள். அடையாளம் தெரியவில்லை என்றால் ஞாயிறு காலை சங்க நூலகத்துக்கு வரும்போது காரையும் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.