அகலக்கோண வில்லை

செம்பரம்பாக்கத்தில் பெரியதோர் ஏரி உண்டு. திரைப்படங்கள் பல உருவான ஈ.வி.பி. படநகரும் அவ்வூரிலேயே உளது. ஏரி போன்ற பரந்த வெளியாயினும், படநகரில் எழுப்பிய சிற்றறையாயினும், அதன் முழுத் தோற்றத்தைக் காட்ட உதவுவது அகலக்கோண வில்லையாகும்.

36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடைய படப்பரப்பை முழுச்சட்டம் என்பர். அதற்கு 50 மில்லிமீட்டர் குவியத்தூர வில்லையைப் பொருத்தினால், பக்கவாட்டில் ஏறக்குறைய 40 பாகையளவே தெரியும். 18 மில்லிமீட்டர் வில்லையோ 90 பாகையைக் காட்டும். சதுர அறையின் மூலையில் காமிராவை வைத்து எதிர்மூலையை நோக்கினால், எதிர்ச்சுவர்கள் இரண்டும் முழுமையாகப் படத்துள் அடங்கும்.

படச்சுருள் காமிராக்கள் பலவற்றில் வில்லைக்குப் பின்னே ஆடி ஒன்று சுழன்றது. அதற்கு இடம்விட வேண்டியிருந்தமையால் அகலக்கோண வில்லைகள் பருத்திருந்தன. ஆடியில்லாக் காமிராக்கள் வந்தபின் அவற்றைச் சிறிதாக்க வழி பிறந்தது. நெருக்கமான இடத்திலும் கையில் ஏந்திப் படம் பிடித்தல் எளிதாயிற்று.

எனினும், இவ்வில்லையை முகத்தருகே கொண்டுசென்றால் மூக்குப் பருத்தும் செவி சிறுத்தும் தோன்றும். இது வில்லையின் குற்றமன்று, அண்மையின் விளைவு. சட்டத்தின் ஓரத்தில் நிற்பவரின் உருவமும் அகன்று காணும். ஆதலின், தேர்ந்த ஒளிப்பதிவாளர் வில்லையைத் தெரிவு செய்வதோடு அமையார். தாம் நிற்கவேண்டிய தொலைவையும் அளந்தறிவார்.