மாணவர் ஆக்கும் ஓவியப் பாடமும் உடன் பயில்வோர் கருத்துரையும்

(இளம் அறிவியல், கணிதம், இரண்டாம் ஆண்டு)

2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. அன்று வேறு வழியின்றி வீட்டுக்குள் நுழைந்த இணையவழிக் கல்வி, கல்லூரிக் கதவுகள் திறந்த பின்னரும் வெளியேறவில்லை. இன்று கோலம், தஞ்சாவூர் ஓவியம், கோட்டுச் சித்திரம் முதலியவற்றை மாணவரே பாடமாக அமைத்து, கைப்பேசியில் படம்பிடித்துப் பிறர்க்கு வழங்குகின்றனர். வெளியிடுமுன் அப்பாடத்தை உடன் பயில்வோரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது நல்ல வழக்கம். அக்கருத்தை எவ்வாறு சொல்வது, எவ்வாறு ஏற்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நன்னூல் காட்டும் கணக்கு

இது மேனாட்டார் கண்ட புதுமை என்று எண்ண வேண்டுவதில்லை. 13 ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் இதற்கு ஒரு கணக்கே தருகிறது. ஆசிரியர் சொன்னதைச் செவ்வனே கேட்டுக்கொண்டவனுக்குக் கிடைப்பது புலமையில் காற்பங்கு. உடன் பயில்வோரோடு கலந்து பழகினால் இன்னுமொரு காற்பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் நிறைகிறது. பாடம் அமைக்கும் மாணவன் அந்த அரைப்பங்கைத் தேடுகிறான். கருத்துரைக்கும் நண்பனோ தன் காற்பங்கை ஈட்டுகிறான். ஆதலின் இஃது ஒருவர்க்கொருவர் செய்யும் உபகாரம் மட்டுமன்று, இருவர்க்கும் படிப்பாகும்.

ஏழு புள்ளி என்றால் எத்தனை புள்ளி?

ஓர் எடுத்துக்காட்டு. நண்பர் ஒருவர் கோலப் பாடம் அமைத்து, "ஏழு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்குகிறார் என்று கொள்வோம். வரிசைக்கு ஏழாக ஏழு வரிசை வைத்தால் 49 புள்ளிகள். நேர்ப்புள்ளியாக நடுவில் ஏழு வைத்து, இருபுறமும் ஐந்து, மூன்று, ஒன்று எனக் குறைத்தால் 25. இடைப்புள்ளியாக ஏழில் தொடங்கி இருபுறமும் நான்கில் நிறுத்தினால் 37. ஒரே சொல்லுக்கு மூன்று கோலங்கள்! நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் முதலாவதான குன்றக் கூறல் இதுவே.

இக்குறையை நமக்கு முன்பே நம் தாய்மார் கண்டுபிடித்துவிடுவர். என் தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்பவர், கல்லூரி அறியாதவர். இவ்வாறு கூறும் பாடத்தைக் கேட்டால், "ஏழுன்னா நேர்ப்புள்ளியா, இடைப்புள்ளியா? எதுல நிறுத்தணும்?" என்றுதான் முதலில் கேட்பார். கோலத்தில் ஒளிந்துள்ள இந்த ஒழுங்கையே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய அறிஞர்கள் 1974 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையில் கணித இலக்கணமாக வகுத்துக் காட்டினர். வாசலில் கோலமிடும் தாயும் கணித அறிஞரும் விதி தெளிவாக இருத்தல் வேண்டும் என்பதில் ஒன்றுபடுகின்றனர்.

செய்து பார்த்த பின் சொல்லுக

கருத்துரைப்பவர் பாடத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. அதன்படி தம் கையால் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். தஞ்சாவூர் ஓவியப் பாடம் ஒன்றில் பலகையில் துணி ஒட்டுவதும், சுண்ணத்தூளும் பசையும் கலந்து புடைப்பு வேலை செய்வதும், கல் பதிப்பதும், பொன் தகடு ஒட்டுவதும், வண்ணம் தீட்டுவதும் பத்தே நிமிடத்தில் காட்டப்படலாம். பார்ப்பவர் கண்ணுக்கு அது குறையாகத் தோன்றாது. செய்து பார்ப்பவரோ, புடைப்பு வேலை காயும் முன் தகடு ஒட்டி, அது பிசகிப்போவதைக் காண்பார். "எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பது பாடத்தில் இல்லை" என்று அவரே சொல்ல முடியும்.

எதை முதலில் சொல்வது?

அமெரிக்க நாட்டுக் கல்வியாளர் ரான் பெர்கர் இதற்கு நல்ல சான்று காட்டுகிறார். பாய்சி நகரில் முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் பட்டாம்பூச்சி ஒன்றை வரைந்தான். உடன் பயின்ற சிறுவர்கள் முதலில் சிறகின் வடிவத்தைப் பற்றி மட்டும் சொன்னார்கள். வடிவம் திருந்திய பின்னரே சிறகின் மேலுள்ள வரிகளைப் பற்றிப் பேசினார்கள். பலமுறை திருத்தி வரைந்த அச்சிறுவனின் இறுதிப் படம் கண்டோரை வியக்க வைத்தது. கருத்து அன்போடும், குறிப்பாகவும், பயன்படும்படியும் இருத்தல் வேண்டும் என்பது பெர்கர் கூறும் நெறி.

இதனை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று செங்கல்லால் கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. அதனை வரையக் கற்பிக்கும் பாடத்தில் களஞ்சியத்தின் உயரமும் அகலமும் பொருந்தாமல் இருக்கும்போது, செங்கல்லின் நிறத்தைப் பற்றி விவாதிப்பதால் பயனில்லை. அதன் வரலாற்றை மட்டுமே பாதி நேரம் பேசினால் அது மற்றொன்று விரித்தல் என்னும் குற்றமாகும். "இரண்டாம் நிமிடத்திலிருந்து ஐந்தாம் நிமிடம் வரை கை வரையவே இல்லை" என்று இடஞ்சுட்டிச் சொன்னால் ஆக்கியவர் எளிதில் திருத்துவார். "சலிப்பாக இருக்கிறது" என்றால் மனம் நோவாரேயன்றி எங்கே வெட்டுவது என்று அறியார்.

வெறும் புகழ்ச்சியின் தீமை

நம்முள் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்தவர்கள். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அண்ணனோ சித்தப்பாவோ உட்கார்ந்து பிழை காட்டுவர். நம் எழுத்தைப் படித்து இங்கே தவறு என்று சொல்ல நம் வீட்டில் ஆளில்லை. அந்த இடத்தில் இருப்பவர் உடன் பயிலும் நண்பரே. அவரும் மனம் நோகுமே என்று "அருமை, நண்பா" என ஒரு சொல்லோடு போய்விட்டால் நாம் தனித்து விடப்படுகிறோம். அப்பாடத்தை நம்பி, இரவல் கைப்பேசியில் பார்த்து வரையும் ஏதோ ஒரு சிற்றூர்ச் சிறுமி, கோலம் கூடாதபோது பாடத்தை ஐயுறமாட்டாள். தனக்கு வரவில்லை என்றே எண்ணி விட்டுவிடுவாள். நம் தாட்சணியத்தின் விலையை அவள் கொடுக்கிறாள்.

ஏற்கும் முறை

சொல்வதைப் போலவே ஏற்பதற்கும் முறை உண்டு. நன்னூல் உரைக்கும் எழுவகை மதங்களுள் உடன்படலும் உண்டு, மறுத்தலும் உண்டு. ஆக்கியவர் எல்லாக் கருத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மறுப்பதற்குக் காரணம் சொல்லல் வேண்டும். காரணம் தேடும்போதே சில நேரங்களில் நண்பர் சொன்னது சரியென்று புலப்படும்.

எனவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நால்வர் கொண்ட சிறு குழுக்களாக அமைவோம். நால்வருள் ஒருவரேனும் வேறு துறையினராக இருக்கட்டும். அறியாதவர் கேட்கும் கேள்வியே பாடத்தின் இடைவெளியைக் காட்டும். ஒவ்வொருவரும் பாடத்தைச் செய்து பார்த்து, விளங்கியது ஒன்று, தடுக்கிய இடம் ஒன்று, திருத்தும் வழி ஒன்று என மூன்றை மட்டும் எழுதித் தருவோம். பேராசிரியப் பெருமக்கள் இதனை மேற்பார்வையிட்டு நெறிப்படுத்தினால், நாம் ஆக்கும் பாடங்கள் நம் ஊர்க் கலைகளைப் பிழையின்றி நெடுந்தொலைவு கொண்டுசெல்லும்.