அடுத்தவங்க பாட நாம எழுதும்போது: காவடிச் சிந்து

பாதயாத்திரைக் குழுவுக்குப் பாட்டு எழுத ஆசைப்படுறவங்க முதல்ல படிக்க வேண்டியது அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து.

சென்னிகுளத்துக்காரர், 1891-ல் இளம் வயசிலேயே மறைந்தவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனபோது, வழிநெடுகப் பாடுவதற்காக எழுதியவை அந்தப் பாட்டுகள். தோளில் சுமை, காலில் நடை, அதோட பாட்டு!

அதனால அதை உட்கார்ந்து மனசுக்குள்ள படிக்காதீங்க. மொட்டைமாடியில நடந்துக்கிட்டே சத்தமா பாடிப் பாருங்க. மூச்சு வாங்க எங்கே இடம் விட்டிருக்கார்னு அப்பதான் தெரியும். எதுகையையும் இயைபையும் அலங்காரம்னு நினைக்கிறோம். கையில் தாள் பிடிக்க முடியாதவருக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கிறதே அதுதான்.

இன்னொன்னு, ஓசை. பாடுறவர் இழுக்கிற இடத்துல 'வேலா' மாதிரி நெடில் வேணும். 'ம்', 'ன்' வந்தாலும் ரீங்காரமா நீட்டலாம். 'க்', 'ட்', 'ப்' வந்தா குரல் அங்கேயே அடைபடும். ஆனா துள்ளல் வேணும்னா அந்த வல்லினம்தான் கைகொடுக்கும். திருப்புகழ்ச் சந்தத்துல 'தத்த' வேற, 'தந்த' வேற, கவனிச்சுப் பாருங்க.

எங்க குழுவுல பாடுறவர் "இந்தச் சொல் வாயில வரல தம்பி"ன்னா நான் வாதாட மாட்டேன். பொருள் கெடாம வேற சொல் தேடித் தருவேன், அது என் வேலை. ஆனா மெட்டுக்காக 'முருகா' 'முருக்கா' ஆகுதுன்னா, மெட்டைத்தான் மாத்தச் சொல்வேன்.