டீக்கடை பெஞ்சில் விட்ட பேச்சு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய நாற்பது படங்களும், புது கேமராவைப் பற்றி எழுதிய நாலு பக்கமும் கிடைத்தன. புதுசு என்றா சொன்னேன்? 2018-இல் வந்த ஃபுஜி எக்ஸ்-டி3, அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நல்ல வேலை செய்தாய், மிச்சப் பணத்தில் லென்ஸ் வாங்கலாம். படங்களை இரண்டு தடவை பார்த்தேன், நாலு பக்கத்தை மூன்று தடவை படித்தேன். கருவிப் பைத்தியம் எனக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் புகைப்பட நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் ஒருத்தர் லென்ஸை இன்னொருத்தர் மாட்டிப் பார்க்கிற அந்த அரைமணி நேரத்துக்காகவே நான் வருவதுண்டு. சென்னையில் 1850களிலேயே புகைப்படச் சங்கம் இருந்தது. அவர்களும் கூடி உட்கார்ந்து கண்ணாடியையும் ரசாயனத்தையும்தான் பேசித் தீர்த்திருப்பார்கள்.

ஆனால் "50 எம்எம் அபாரம், பின்னணி அப்படியே கரைகிறது" என்று நீ எழுதியது எனக்குப் போதவில்லை. எங்கே கரைந்தது, எந்த வெளிச்சத்தில், எந்த இடத்தில் அந்த லென்ஸ் கையை விரித்தது என்று ஒரு வரி இல்லை. லென்ஸைப் பற்றிய அபிப்பிராயம் என்றால் அதில் பாதி அது சறுக்கின இடமாக இருக்க வேண்டும். நம் காஞ்சிபுரம் அதற்கென்றே அமைந்த ஊர்.

பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டையே எடுத்துக்கொள். உன் சென்சார் அளவுக்கு 50 என்பது 75 மாதிரி நடந்துகொள்ளும். நெசவாளி குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார், எதிரே பாவு அறை நீளத்துக்கு ஓடுகிறது, உன் முதுகில் சுவர் இடிக்கிறது. அதனால் பன்னிரண்டு படத்திலும் அவர் விரல்கள்தான். தறி இல்லை, குழி இல்லை, கோர்வைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்கிற அவர் மனைவி இல்லை. கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் பல்லைக் கடித்தாற்போல் சேர்வதற்கு அந்த இரண்டாவது ஆள் வேண்டும். உன் படத்தைப் பார்த்தால் ஒற்றை ஆள் வேலை என்று தோன்றுகிறது. 23 எம்எம் பையில்தானே இருந்தது?

அதே வீட்டில் நாலு படத்தில் குறுக்கே சாம்பல் பட்டைகள். சென்சார் போய்விட்டது என்று சர்வீசுக்கு ஓடாதே. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதில் எரிகிற சாதாரண எல்ஈடி நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. நீ சத்தம் வரக்கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/500 வைத்திருக்கிறாய். அது சென்சாரை வரிவரியாகப் படிக்கும், ஒரு வரி வெளிச்சத்தில் அகப்படும், அடுத்தது மங்கலில். மெக்கானிக்கலுக்கு மாற்றி 1/100 வை. தறிச் சத்தத்தில் உன் ஷட்டர் யார் காதில் விழப்போகிறது!

பட்டு இன்னும் பொல்லாதது. மயில் கழுத்து நிறச் சேலை ஒரு படத்தில் நீலமாகவும் இன்னொன்றில் பச்சையாகவும் வந்திருப்பதற்குக் கேமராவைத் திட்டியிருக்கிறாய். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். கோணம் மாறினால் நிறம் மாறுவதற்குத்தான் அப்படி நெய்கிறார்கள். இரண்டு படமும் சரி. அரக்குச் சிவப்பில்தான் நீ தோற்றிருக்கிறாய், மடிப்பே தெரியாமல் ஒரே சிவப்பாக அப்பியிருக்கிறது. மொத்த ஹிஸ்டோகிராம் அடக்கமாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் சுவரில் முட்டி நிற்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியே பார், முக்கால் ஸ்டாப் குறை. துணியில் இல்லாத வானவில் வளையங்கள் முந்தியில் தெரிகிறதே, அது நூல் வரிசையும் பிக்சல் வரிசையும் மோதுவதால் வருவது. ஃபுஜிக்காரர்கள் சென்சாரின் நிறக் கட்டங்களைக் கலைத்துப் போட்டு இதைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டார்கள். எனினும் காஞ்சிபுரம் நூல் அவர்களையும் சில சமயம் பிடித்துவிடுகிறது. ஓரடி முன்னே பின்னே நகர்ந்தால் போகும். இதையெல்லாம் எழுது. அடுத்து அந்த லென்ஸை வாங்கப் போகிறவனுக்கு இதுதான் உதவும்.

ஒரு சங்கதியை மட்டும் எழுதுவதற்கு முன் யோசி. பல வருடத்துக்கு முன்னால் என் 105 மேக்ரோவின் கூர்மையைக் காட்ட ஒரு சரிகைக் கரையை எடுத்தேன். பட்டு நூல்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசியது நல்ல சரிகை. சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும் என்பது ஊரில் பரீட்சை. சுரண்டாமலே என் படத்தில் கம்பிக்கு இடையே அந்தச் சிவப்பு எட்டிப் பார்த்தது. நண்பர்கள் பத்துப் பேருக்கு அனுப்பினேன், பத்து நூறாகியிருக்கும். சேலை இன்னும் தறியை விட்டு இறங்கவில்லை. சில மாதம் கழித்து அதே கரை விசைத்தறித் துணியில் கடையில் தொங்கியது. என் படத்தால்தான் என்று நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. நெசவாளி என்னைத் திட்டவில்லை. "படம் ரொம்பத் தெளிவா இருந்துச்சுங்க" என்றார்.

சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அவை வந்து காப்பாற்றுவதற்குள் டிசைன் பழசாகிவிடும். அதனால் தறியில் இருக்கிற சேலையின் கரையை நேராக, கிட்டத்தில் எடுத்தால் அது உன் அட்டையிலேயே இருக்கட்டும். சேலை கடைக்குப் போனபின் காட்டலாமா என்று அவரையே கேள்.

கோயில் படங்களில் குறை சொல்ல அதிகம் இல்லை. கைலாசநாதர் கோயிலின் பல்லவ யாளித் தூண்களைக் காலைச் சாய்வெயிலில் பிடித்திருக்கிறாய், மணற்கல்லின் பொரிப் பொரியான மேனி தெரிகிறது. 58 சிற்றாலயங்களில் சிலவற்றில் மிச்சமிருக்கிற ஓவியத் துணுக்குகளை மட்டும் ஆட்டிவிட்டாய். தொல்லியல் துறை இடத்தில் ஸ்டாண்டுக்கு அனுமதி வாங்க வேண்டும், உன் கேமராவிலும் நடுக்கம் தணிக்கும் வசதி இல்லை, இரண்டு லென்ஸிலும் இல்லை. ஐஎஸ்ஓவை 3200 வரை தயங்காமல் ஏற்று. கொஞ்சம் மணல் தெரிந்தால் தெரியட்டும், ஆடின படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. எந்தப் படத்திலும் ஊர், சுவர், தேதி பற்றிய குறிப்பு இல்லை. லென்ஸ் பெயரும் எஃப் எண்ணும் மட்டும் ஒழுங்காக இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் 1956 முதல் கோயில் கோயிலாக எடுத்துச் சேர்த்த படங்கள் லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றைத் தேடி வருகிறவர்களுக்கு எந்தக் கோயில், எந்தச் சிற்பம் என்று தெரிய வேண்டும். வரதராஜர் கோயில் குளத்துக்குள் இருக்கிற அத்தி வரதர் 1979-இல் வெளியே வந்தார், பிறகு 2019-இல் 48 நாள், இனி 2059. இடையில் நீ எத்தனை கேமரா மாற்றுவாயோ! கோப்பின் பெயரில் இடத்தையும் தேதியையும் எழுதி வை.

அடுத்த லென்ஸ் என்ன வாங்கலாம் என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். இப்போது ஒன்றும் வேண்டாம். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கைலாசநாதர் வாசலில் நிற்பேன், 23-ஐ மட்டும் மாட்டிக்கொண்டு வா. கோயில் முடிந்ததும் தறி வீட்டுக்குப் போகலாம். அந்த நெசவாளியும் அவர் மனைவியும் தறியில் சேர்ந்து இருக்கிற படம் ஒன்று எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டும். போன தடவை நீ கிளம்பின பிறகு அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

அன்புடன்,
அண்ணன்