அறிவியல் வாசலில் பெண்கள்

முன்னுரை

"அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு?" என்பது நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கி வந்த பேச்சு. இன்று அப்படி வெளிப்படையாகச் சொல்பவர் குறைவு. பெண்களும் படிக்கட்டும் என்றே பலரும் கூறுகின்றனர். ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், "கணக்குப் பிரிவு எடுத்து நீ என்ன செய்யப் போகிறாய்? மின்சாரம், இயந்திரம் எல்லாம் ஆண்பிள்ளைகள் வேலை. உனக்கு ஏற்ற பாடமாகப் பார்த்துச் சேர்ந்துகொள்" என்று அறிவுரை கூறுவோர் நம் உறவினரிடையே இன்றும் உண்டு. அன்புத் தோழியரே! அந்தக் கேள்வி இவ்வாண்டு நம் வகுப்பில் ஒவ்வொருத்தியின் முன்னும் வந்து நிற்கப் போகிறது. ஆகவே, நமக்கு முன்னால் அறிவியல் வாசலில் போய் நின்ற பெண்கள் யார், அவர்களைத் தடுத்தது எது, அவர்கள் எவ்வாறு உள்ளே சென்றார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கிண்டியில் மூவர்

சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரி 1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய தொழில்நுட்பக் கல்விக்கூடங்களுள் அதுவும் ஒன்று. அக்கல்லூரியில் பெண்கள் மாணவியராகக் காலடி வைப்பதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின.

அவ்வாறு முதலில் நுழைந்தவர் அ. லலிதா. 1919இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. 18 வயதில் கணவரை இழந்தார். அப்போது அவர் கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. கைம்பெண்ணானவள் வீட்டின் ஒரு மூலையில் முடங்க வேண்டும் என்று சமுதாயம் எதிர்பார்த்த காலம் அது. லலிதாவோ இராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்து இன்டர்மீடியட் வகுப்பை முதல் வகுப்பில் முடித்தார். மருத்துவம் படித்தால் நள்ளிரவிலும் குழந்தையை விட்டுச் செல்ல நேரிடும் என்று எண்ணிப் பொறியியலைத் தேர்ந்தார். அவருடைய தந்தை பப்பு சுப்பா ராவ் கிண்டிக் கல்லூரியிலேயே மின் பொறியியல் பேராசிரியர். அவர் கல்லூரி முதல்வரிடமும் கல்வித் துறை இயக்குநரிடமும் பேசி அனுமதி பெற்றார். 1940இல் லலிதா மின் பொறியியல் வகுப்பில் சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இரு பெண்கள் கட்டுமானப் பொறியியலில் சேர்ந்தனர்.

மூவரும் படிப்பை முடித்தபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. பட்டம் பெறுவோரைக் குறிக்கக் கல்லூரிச் சான்றிதழில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே அச்சிட்டு வைத்திருந்தார்கள். அதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே 'அவள்' என்று எழ்தித் தரவேண்டியதாயிற்று. படித்து முடிப்பவள் ஒரு பெண்ணாக இருக்கக்கூடும் என்று அந்தப் படிவத்தை அச்சிட்டவர் நினைத்தும் பார்க்கவில்லை.

லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி பெற்றார். பிறகு சிம்லாவிலும், 1948 முதல் கல்கத்தாவிலும் வேலை பார்த்தார். மின்சாரம் செல்லும் கம்பித் தடங்களையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைக்கான மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவர் பங்கு உண்டு. 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானியர் முதல் உலக மாநாட்டில் கலந்துகொண்டார். 1979இல் தம் 60ஆம் வயதில் காலமானார். திரேசியாவோ கேரளப் பொதுப்பணித் துறையில் படிப்படியாக உயர்ந்து, 1971இல் அம்மாநிலத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் ஒரு பெண் அப்பதவியை வகித்தது அதுவே முதல் முறை.

பெங்களூரில் ஒரு சத்தியாகிரகம்

லலிதாவுக்குச் சில ஆண்டுகள் முன்னரே, பம்பாயிலிருந்து கமலா பாகவத் என்ற பெண் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்கு விண்ணப்பம் அனுப்பினார். திருமணத்திற்குப் பின் கமலா சோஹோனி என்று அறியப்பட்டவர் இவரே. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தும், பெண் என்ற காரணத்தால் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. மறுத்தவர் அப்போதைய இயக்குநர் சர் சி. வி. ராமன். நம் தமிழ்நாட்டில் பிறந்து 1930இல் நோபல் பரிசு பெற்ற அந்த மேதையிடமும், இவ்விஷயத்தில் அக்காலத்தார் எண்ணமே குடிகொண்டிருந்தது என்பது நமக்கு வருத்தம் தருகிறது.

கமலா திரும்பிப் போகவில்லை. ராமனின் அலுவலகத்திலேயே சத்தியாகிரகம் செய்தார். முடிவில் நிபந்தனைகளுடன் இடம் கிடைத்தது. முதல் ஓராண்டு முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார். வேலை திருப்தியாக இருந்தால்தான் அங்கீகாரம். அவரால் ஆண் மாணவர்களின் கவனம் சிதறக்கூடாது. தோழியரே, கடைசி நிபந்தனையைச் சற்றுச் சிந்தியுங்கள். கவனம் சிதறுபவன் ஒருவன். அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவளோ வேறொருத்தி!

கமலா அந்த ஓராண்டையும் வென்று காட்டினார். பின்பு இங்கிலாந்து சென்று, 1939இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அவருடைய உழைப்பைக் கண்ட பின் ராமனும் பெண்களைச் சேர்த்துக்கொள்ள இசைந்தார்.

கிடைக்காத பட்டம்

அவ்வாறு 1940இல் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத் தோடு தர வீட்டார் முன்வந்தபோது, அதற்குப் பதிலாகக் கலைக்களஞ்சியம் வாங்கித் தரக் கேட்டவர் என்று அவரைப்பற்றிச் சொல்வார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பெங்களூரில் வைரம், மாணிக்கம் ஆகிய கற்களின் ஒளிப்பண்புகளை இரவு பகலாக ஆராய்ந்தார். தனியாகவே ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் டாக்டர் பட்டத்திற்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று காரணம் காட்டிப் பல்கலைக்கழகம் பட்டத்தை மறுத்துவிட்டது. அந்த ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆய்வுக் கழக நூலகத்தில் அப்படியே தங்கிவிட்டது.

அன்னா மணி இதை நினைத்துச் சோர்ந்துவிடவில்லை. தாம் பெண் என்பதைப் பெரிதுபடுத்திப் பேசுவதையும் அவர் விரும்பியதில்லை. 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, மழை, காற்று, வெயில் ஆகியவற்றை அளக்கும் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தினார். ஓய்வு பெற்ற பின்னும் உழைத்து, இந்தியாவில் விழும் சூரிய ஒளியின் அளவுகளை 1980இலும், காற்றின் அளவுகளை 1983இலும் நூல்களாகத் தந்தார்.

நம் குயிலாப்பாளையத்திற்கு அருகே ஆரோவில்லில் சூரிய சமையற்கூடம் உள்ளது. அதன் மேல்தளத்தில் உள்ள பெரிய கிண்ணம் போன்ற அமைப்பு வெயிலைக் குவித்துச் சமையலுக்கு நீராவி தருவதை நம்மில் பலர் அறிவோம். இத்தகைய அமைப்பைக் கட்டுவோர் ஓர் ஊரில் எந்த மாதத்தில் எவ்வளவு வெயில் விழும் என்று முதலில் அறிய வேண்டும். காற்றாலை நிறுவுவோருக்கும் அவ்வாறே காற்றின் கணக்கு வேண்டும். நாடு முழுமைக்கும் அக்கணக்குகளைத் தொகுத்துத் தந்த அம்மையாருக்கு, ஒரு பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை!

பிற நாடுகளில்

இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. மேரி கியூரி அம்மையார் 1911 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினர் தேர்தலில் தோல்வியுற்றார். அதே ஆண்டு இறுதியில் அவருக்கு இரண்டாம் நோபல் பரிசு கிடைத்தது. அக்கழகம் ஒரு பெண்ணை முழு உறுப்பினராக ஏற்றது 1979இல்தான். 1907இல் பெர்லினுக்கு வந்த லீசே மைட்னர், வேதியியல் நிலையத்தின் மற்ற அறைகளுக்குள் செல்லக்கூடாது என்று தடுக்கப்பட்டு, தச்சுப் பட்டறையாக இருந்த கீழறையில் ஆராய்ச்சி செய்தார். அணுப்பிளவின் உண்மையை விளக்கியவர்களுள் அவர் ஒருவர். ஆயினும் 1944ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு அவருடன் உழைத்த ஓட்டோ ஹானுக்கு மட்டுமே அளிக்கப்பட்டது.

காரணங்கள் மாறின, தடை மாறவில்லை

மேற்கண்ட வரலாறுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். இப்பெண்களில் எவரிடமும், "உனக்கு அறிவு போதாது" என்று எவரும் நிரூபித்துக் காட்டவில்லை. ஒரு சமயம் மாணவர்களின் கவனம் சிதறும் என்றார்கள். ஒரு சமயம் பட்டத்திற்கான விதி இடம் தரவில்லை என்றார்கள். வேறொரு சமயம் இங்கே பெண்களுக்கு வழக்கமில்லை என்றார்கள்.

தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். 1974இல் டெல்கோ நிறுவனம் பொறியாளர் வேலைக்கு விளம்பரம் செய்தபோது, பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அதிலேயே அறிவித்தது. அதைப் படித்த சுதா என்னும் பெங்களூர் மாணவி, ஜே. ஆர். டி. டாட்டாவுக்கே ஓர் அஞ்சலட்டை எழுதி நியாயம் கேட்டார். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற சுதா மூர்த்தி அவரே.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெண்களை இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை ஆலைகளில் வேலைக்கு அமர்த்தக்கூடாது என்றது. பாதுகாப்புக்காகவே இவ்விதி என்றாலும், இரவு முறை பார்க்க முடியாதவர் என்று பெண்களை ஒதுக்க இது வசதியாயிற்று. 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. இரவு வேலையில் பாதுகாப்பு, ஓய்வறை, போக்குவரத்து ஆகியவற்றைச் செய்து தருவது வேலை தருபவரின் கடமை. சாலையில் ஆபத்து இருந்தால் சாலைக்கு விளக்குப் போட வேண்டும். பெண்ணை வீட்டில் பூட்டுவது அதற்கு மருந்தாகாது.

தந்தை பேராசிரியராக இல்லாவிட்டால்?

லலிதாவின் வரலாற்றைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அவருக்காகக் கல்லூரிக் கதவைத் தட்ட ஒரு பேராசிரியர் தந்தையாக வாய்த்தார். நம் பகுதியில் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் தாயின் மகளுக்காக யார் போய்த் தட்டுவது? தனியொரு பெண்ணின் துணிவை மட்டும் நம்பியிருந்தால், நூற்றில் ஒருத்திதான் உள்ளே போவாள். மற்றவர்களுக்குப் பேருந்தும், விடுதியும், உதவித்தொகையும், நியாயமான சட்டமும் வேண்டும்.

அவற்றுள் சில இன்று வந்துள்ளன. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியற் கல்லூரிகள் உள்ளன. 2018 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் ஏற்படுத்தப்பட்டன. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தால், அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. செங்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியற் கல்லூரியில் படித்த நிகர் ஷாஜி, 2023இல் சூரியனை ஆராய விண்ணுக்குச் சென்ற ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராகத் திகழ்ந்தார். ஊரில் பள்ளியும் எட்டும் தூரத்தில் கல்லூரியும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் நல்ல சான்று.

நாம் செய்ய வேண்டியவை

மகளிர் பள்ளியில் படிக்கும் நமக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. நம் ஆய்வுக்கூடத்தில் கம்பியை இணைப்பவளும், அம்மீட்டரைப் பார்ப்பவளும், கணக்கைப் போடுபவளும் நாமே. "இதை ஒரு பையனிடம் கொடு" என்று சொல்ல இங்கே ஆளில்லை. ஆனால் வீட்டிற்குப் போனதும், ஃபியூஸ் போய்விட்டால் தம்பியைத்தானே கூப்பிடுகிறோம்? பள்ளியில் கற்றதை வீட்டிலும் செய்து காட்டினால், பெற்றோரின் எண்ணம் தானாக மாறத் தொடங்கும்.

பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்பதை, நமக்கு எந்தப் பாடத்தில் ஆர்வமும் திறமையும் உண்டோ அதைக்கொண்டு முடிவு செய்வோம். மொழியும் வரலாறும் வணிகமும் உயர்ந்த படிப்புகளே. ஆர்வத்தால் அவற்றை எடுப்பவள் மகிழ்ச்சியோடு எடுக்கட்டும். பயத்தால் கணக்கை விடுவதுதான் கூடாது. கணக்கில் ஆர்வமிருந்தும் வீட்டில் தயங்கினால், ஆசிரியையரையும் அருட்சகோதரியரையும் பெற்றோரிடம் பேசச் சொல்லலாம். லலிதாவின் தந்தை செய்ததை அவர்கள் நமக்காகச் செய்வார்கள்.

முடிவுரை

தாலந்தைப் பெற்றவன் அதை மண்ணில் புதைத்து வைத்ததால் தலைவனின் கோபத்திற்கு ஆளான உவமையை ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். இறைவன் ஒரு பெண்ணுக்குக் கணித அறிவைத் தந்திருந்தால், அதைப் புதைத்து வைக்கும்படி சொல்ல எவருக்கும் உரிமையில்லை. கிண்டிக் கல்லூரிச் சான்றிதழில் ஒரு சொல்லை அடித்துத் திருத்த வைத்தவர்கள் மூன்றே பெண்கள். இந்த வகுப்பில் நாமோ அவர்களைவிட எத்தனையோ மடங்கு பேர் இருக்கிறோம்! நன்கு கற்போம்; நம்மோடு கற்பவளையும் கைகொடுத்து அழைத்துச் செல்வோம்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு