பழைய நோக்கியா என்-900இல் ஸ்க்ராட்ச் ஓட்டப்போகிறவர்களுக்கு

அலமாரியிலோ பழைய சாமான் கடையிலோ ஒரு நோக்கியா என்-900 கிடைத்துவிட்டது, அதில் ஸ்க்ராட்ச் ஓடுமா என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். ஓடும். அந்தக் கருவி எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொண்டு கேட்டால் ஓடும்.

1. யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வீட்டில் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தரத்தான் என்றால் இந்த வேலையே வேண்டாம். இன்றைய டேப்லெட்டில் பிரவுசரைத் திறந்தால் ஸ்க்ராட்ச் 3 வந்து நிற்கும். என்-900 வந்தது 2009இல். 600 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர், 256 எம்பி ராம், 3.5 அங்குலத் திரை. ஓரளவு கோடிங் பழகி, அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவருக்கு ஏற்ற விளையாட்டு இது. குழந்தைக்குக் கொடுத்தால் அழுதுவிடும்.

2. ஸ்க்ராட்ச் 1.4ஐ மட்டும் தேடுங்கள். 2013இல் வந்த 2.0 ஃப்ளாஷை நம்பியது, 2019இன் 3.0 புதிய பிரவுசரை நம்புவது. இரண்டும் இந்தக் கருவியில் நடக்காத காரியம். 1.4 ஸ்க்வீக் என்ற ஸ்மால்டாக் மொழி வகையில் எழுதப்பட்டது. ஸ்க்வீக்கை 1996இல் ஆப்பிளில் ஆலன் கே, டான் இங்கல்ஸ் குழுவினர் உருவாக்கினார்கள். அந்தக் குழுவில் இருந்த ஜான் மலோனிதான் பிறகு எம்ஐடியில் ஸ்க்ராட்ச்சை எழுதிய முக்கியமான கை. ஸ்க்வீக்கில் இரண்டு பாகம்: விர்ச்சுவல் மெஷின் ஒன்று, இமேஜ் என்ற ஒரே ஃபைல் இன்னொன்று. தியேட்டருக்குத் தியேட்டர் ப்ரொஜெக்டர் வேறாக இருக்கலாம், பிலிம் பெட்டி ஒன்றுதானே? விண்டோஸில் ஓடிய அதே இமேஜ், ஒரு பைட் கூட மாற்றாமல் இங்கேயும் ஓடும். இந்த ப்ராசசருக்கு ஏற்ற விஎம் மட்டும் கிடைத்தால் போதும்.

3. அந்த விஎம்மில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ராஸ்பெர்ரி பையும் ஏஆர்எம் ப்ராசசர், இதுவும் ஏஆர்எம், அங்கே உள்ளதை எடுத்துப் போட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் அதன் சிஸ்டமான ராஸ்பியனின் ஃபைல்கள் ஹார்ட்-ஃப்ளோட் முறையில் கட்டப்பட்டவை. என்-900இன் சிஸ்டமான மேமோ 5 அதற்கு முந்தைய ஆர்மெல் முறையில் இருக்கிறது, அதன் சி லைப்ரரியும் பழசு. காப்பி செய்து ஓட்டினால், ஃபைல் கண் முன்னால் இருக்கும்போதே 'ஃபைல் இல்லை' என்று டெர்மினல் சொல்லும். குழம்பாதீர்கள், அது தேடுவது உங்கள் ஃபைலை அல்ல, அதை ஏற்றிவிடும் லோடரை. மேமோவுக்கென்றே கட்டிய விஎம்மைப் போடுங்கள், இல்லையென்றால் கருவிக்குள்ளேயே தனி அடைப்பாக ஒரு டெபியன் லினக்ஸை வைத்து, அதில் விஎம்மின் ஆர்மெல் பேக்கேஜைப் போடுங்கள்.

4. இடம் பார்த்து வையுங்கள். 32 ஜிபி இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். சிஸ்டம் உட்கார்ந்திருக்கும் ரூட் பகுதி வெறும் 256 எம்பி. அது நிரம்பினால் கருவி தடுமாறும். விஎம்மை /opt-இல் வையுங்கள், அங்கே சுமார் 2 ஜிபி உண்டு. 'மைடாக்ஸ்' என்ற பெரிய பகுதி ஃபேட் வகை. ப்ராஜெக்ட்களுக்கு அது நல்ல இடம், ஆனால் அங்கே வைத்த ப்ரோக்ராமுக்கு 'ஓடலாம்' என்ற அனுமதி ஒட்டாது.

5. திரை 800க்கு 480 புள்ளி. கேட்கத் தாராளமாக இருக்கும். ஆனால் அங்குலத்துக்கு 267 புள்ளி என்பதால், பத்துப் புள்ளி உயர எழுத்து ஒரு மில்லிமீட்டரைக் கூடத் தொடாது. ஸ்டேஜ் மட்டுமே 480க்கு 360ஐ எடுத்துக்கொள்ளும். மேலே உள்ள சின்ன ஸ்டேஜ் பட்டனை அழுத்தினால் அது 240க்கு 180 ஆகச் சுருங்கி, ஸ்க்ரிப்டுக்கு இடம் விடும். கணக்கு மாறாது: இடக்கோடி -240, வலக்கோடி 240 அப்படியே இருக்கும். கூட வந்த ஸ்டைலஸைத் தொலைத்துவிடாதீர்கள். அழுத்தத்தை உணரும் திரை என்பதால் நகமும் வேலை செய்யும்.

6. ரைட் கிளிக் கிடையாது. ப்ளாக்கை நகலெடுக்க, மேலே இருக்கும் முத்திரைக் கருவியைத் தொட்டு, பிறகு அந்த ப்ளாக்கைத் தொடுங்கள். அழிக்க, பக்கத்தில் கத்தரிக்கோல். மவுஸை நகர்த்துவது என்பதும் இங்கே இல்லை. விரலை எடுத்துவிட்டால் மவுஸ் கடைசியாகத் தொட்ட இடத்திலேயே நின்றுவிடும். மவுஸைத் துரத்தும் பூனை ஒரே இடத்தில் போய்க் குந்திக்கொண்டால் தப்பு உங்கள் ஸ்க்ரிப்டில் இல்லை. கீபோர்டு இருக்கிறது, எண் வரிசை இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் எஃப்என் கீயைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஆட்டத்தை நடத்த எழுத்துக் கீகளையே வைத்துக்கொள்ளுங்கள்.

7. வேகத்துக்கு வருவோம், நிஜமான பாடம் இங்கேதான். கம்ப்யூட்டரில் ஒரு லூப் நொடிக்கு 30 சுற்று ஓடி, சுற்றுக்கு 4 அடி பந்தை நகர்த்தினால் நொடிக்கு 120 அடி. அதே லூப் கையடக்கக் கருவியில் 10 சுற்றுதான் ஓடினால் 40 அடி. பந்து நொண்டும். சுற்றை எண்ணாதீர்கள், நேரத்தை அளவிடுங்கள்: எக்ஸை 'டைமர் × 120' அளவு மாற்று, உடனே டைமரைப் பூஜ்யமாக்கு. லூப் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் பந்து நொடிக்கு 120 அடியே போகும், கொஞ்சம் தத்தித் தத்திப் போகும் அவ்வளவுதான். ப்ராஜெக்ட் முழுவதற்கும் டைமர் ஒன்றே ஒன்று. இரண்டு ஸ்ப்ரைட் அதைப் பூஜ்யமாக்கினால் இரண்டுமே கெடும், ஒரே ஸ்க்ரிப்ட் கையாளட்டும்.

இன்னொரு பெருந்தீனிக்காரன், 'இந்த நிறத்தைத் தொடுகிறதா' என்ற ப்ளாக். அது புள்ளி புள்ளியாகப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும். நேரான சுவருக்கு எதற்கு அது? எக்ஸ் 200ஐத் தாண்டியதா என்று கேளுங்கள், ஒரே கணக்கில் முடிந்தது.

8. 1.4இல் குளோன் இல்லை, சொந்த ப்ளாக் இல்லை. இரண்டும் 2.0இல் வந்தவை. சொந்த ப்ளாக்குக்குப் பதில் 'பிராட்காஸ்ட் செய்து காத்திரு'. லிஸ்ட் உண்டு.

9. பேட்டரி பிஎல்-5ஜே. உப்பியிருந்தால் கருவியை ஆன் செய்யவே வேண்டாம். இன்னும் பல நோக்கியா மாடல்களுக்கு இதே பேட்டரிதான், ரிப்பேர் கடையில் கேட்டுப் பாருங்கள். சார்ஜ் ஏற்றும் மைக்ரோ யுஎஸ்பி வாய் போர்டிலிருந்து பிய்ந்து வருவதற்குப் பேர்போனது. பேட்டரியைக் கழற்றித் தனிச் சார்ஜரில் போடுவதே என் வழக்கம்.

10. ப்ராஜெக்டை அடிக்கடி கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். கேபிளைச் செருகி மாஸ் ஸ்டோரேஜ் என்று தேர்ந்தெடுத்த நொடி, மைடாக்ஸ் கருவியின் கையை விட்டுப் போய்விடும்; அதற்கு முன்பே ஸ்க்ராட்ச்சில் சேவ் செய்து மூடிவிடுங்கள். 1.4 எழுதும் ஃபைல் .எஸ்பி. அதை இன்றைய ஸ்க்ராட்ச் 3 திறக்கும், ஆனால் அங்கே சேவ் செய்தால் .எஸ்பி3 ஆகிவிடும், என்-900 அதைத் தொடாது. இங்கே எழுதுங்கள், அங்கே காட்டுங்கள். திருத்த வேண்டியதைத் திரும்ப இங்கேயே திருத்துங்கள்.